சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

பி.காம். படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்றால் தெரியும். படிக்காமல் தப்பித்தவர்களுக்காக ஒரு நிமிஷம் விளக்கி விடுகிறேன்.

ஆபீஸுக்கு ஒரு தொகை வந்து சேரும். யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது, ஒரு விவரமும் இருக்காது. அதனால் யார் பேரிலும் வரவு வைக்க முடியாது. வரவே வைக்காமல் விட்டால் கணக்கு டேலி ஆகாது. என்ன செய்வார்கள்? 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தலைப்பு போட்டு, அதன் கீழே தற்காலிகமாக உட்கார வைத்து விடுவார்கள். விவரம் தெரிந்ததும் உரியவர் கணக்குக்கு மாற்றிக் கொள்ளலாம் என்று ஏற்பாடு.

'தற்காலிகமாக' என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில்தான். நிஜ ஆபீஸ்களில் சில சஸ்பென்ஸ் தொகைகள், அவற்றை எழுதின கிளார்க் ரிடையர் ஆகி, அவருடைய பேத்திக்கு வளைகாப்பு நடந்த பிறகும் அசையாமல் அதே பக்கத்தில் இருக்கும். வருஷா வருஷம் ஆடிட்டர் வருவார். 'இது என்ன?' என்பார். 'பார்த்துக்கிட்டிருக்கோம் சார்' என்பார்கள். ஆடிட்டர் காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஒரு சின்னப் பையன் இப்படி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் 65 வருஷம் இருந்தான்.

பணம் இல்லை சார், பையன். அவன் பிறந்தது ஒரு ரெஜிஸ்டரில் இருந்தது. செத்தது இன்னொரு ரெஜிஸ்டரில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து 'இவன்தான் அவன்' என்று டிக் அடிக்க 65 வருஷம் ஆயிற்று. எப்படி ஆயிற்று, ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதுதான் இந்த வாரம்.

* * *

1957 பிப்ரவரி 25. ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் பகுதி. ஸஸ்குவஹானா ரோடு என்று ஒரு சாலை. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் மரமும் புதருமாக இருக்கும்; வேண்டாத சாமானைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வழியாக வந்த ஒரு கல்லூரி மாணவர் புதருக்குள் ஓர் அட்டைப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே போர்வையில் சுற்றின ஒரு சின்னப் பையனின் உடல். மாணவர் உடனே போலீஸுக்குப் போகவில்லை. மறுநாள்தான் போனார்.

அதற்கே அவரைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவருக்கு முன்னாலேயே ஒரு வாலிபர் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தார். மஸ்க்ராட் என்று எலி ஜாதியில் ஒரு பிராணி உண்டு. அதன் தோலுக்காகப் பொறி வைக்கிறவர் அவர். போலீஸுக்குச் சொன்னால் பொறிகளைப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று பயந்து, பார்த்ததைப் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

ஆக, இந்தக் கதையில் முதல் சாட்சியே வாயைத் திறக்காத சாட்சி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

பையனுக்கு நாலிலிருந்து ஆறு வயசுக்குள் இருக்கும் என்றார்கள் டாக்டர்கள். எடை சுமார் 30 பவுண்டு, அதாவது பதிமூன்றரை கிலோ. சரியான சாப்பாடு கிடைக்காத உடம்பு. தலையில் பலமாக அடிபட்டிருந்தது. கணுக்காலிலும் இடுப்புக்குக் கீழேயும் பழைய ஆபரேஷன் தழும்புகள் இருந்தன. அப்படியானால் எப்போதோ யாரோ அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

தலைமுடி சமீபத்தில், கன்னாபின்னாவென்று வெட்டப்பட்டிருந்தது. வெட்டின முடித் துணுக்குகள் உடம்பிலேயே ஒட்டிக் கொண்டிருந்தன. கை கால் நகங்கள் மட்டும் ஒழுங்காக வெட்டிச் சுத்தமாக இருந்தன.

அந்த நகங்களைப் பற்றிப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு வயசுப் பையனுக்கு நகம் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அவன் ஆடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கொள்ள வேண்டும். கதை சொல்ல வேண்டும். அப்படி அந்தக் கையைப் பிடித்த ஒருத்தருக்கு அவன் பேர் தெரியாமல் இருக்குமா?

* * *

போலீஸுக்கு நம்பிக்கை இருந்தது. ஏன் இருக்காது? குழந்தை ஒன்று காணாமல் போனால் அம்மா வந்து நிற்பாள். இல்லாவிட்டால் பாட்டி வருவாள், டீச்சர் வருவார், பால்காரர் வருவார். யாராவது ஒருத்தர் 'எங்க பையன் மாதிரி இருக்கே' என்று வந்துதானே தீர வேண்டும்?

ஒருத்தரும் வரவில்லை.

சரி, ஆள் பேசாவிட்டால் சாமான் பேசும் என்று சாமான்களைப் பிடித்தார்கள். இந்த இடத்தில் எனக்குள் இருக்கிற பி.காம். நிமிர்ந்து உட்கார்ந்து விட்டது. சாமான் என்றால் விற்றவன் இருப்பான்; விற்றவனிடம் பில் இருக்கும்; பில்லில் பேர் இருக்கும். வவுச்சரைப் பிடித்துக் கொண்டே போனால் ஆசாமியின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ஆடிட்டிங் பேப்பரில் இதற்குப் பதினைந்து மார்க்.

முதலில் பெட்டி. அது ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக்காரர்கள் குழந்தைத் தொட்டில் வைத்து விற்ற அட்டைப் பெட்டி. எந்தக் கிளை என்றே கண்டுபிடித்து விட்டார்கள்: பக்கத்து ஊரான அப்பர் டார்பி. அங்கே அந்த மாதிரித் தொட்டில் விற்றது மொத்தம் ஒரே ஒரு டஜன். பன்னிரண்டே பன்னிரண்டு! கேஸ் முடிந்தது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் கடன் கொடுப்பதில்லை என்ற கொள்கைக்காரர்கள். காசைக் கொடு, பொருளை எடு. அதனால் வாங்கினவர் பேர் எழுதி வைக்கிற வேலையே இல்லை. பத்திரிகையில் செய்தி போட்டு, அலைந்து திரிந்து, தொட்டில் வாங்கினவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் சௌக்கியமாக இருந்தன. அந்தப் பெட்டி மட்டும் யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அடுத்தது தொப்பி. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து சுமார் 270 பேரைக் கொண்டுவந்து அந்தப் புதர்க்காட்டைச் சல்லடையாகச் சலித்ததில் நீல நிறத்தில் ஒரு கார்டுராய் தொப்பி கிடைத்தது. தைத்த கடையையும் பிடித்தார்கள். கடைக்கார அம்மாளுக்கு நல்ல ஞாபக சக்தி. 'ஆமாம், ஒரு இளைஞன் வந்தான். தொப்பிக்குப் பின்னால் தோல் பட்டை வைத்துத் தைத்துத் தரச் சொன்னான்' என்றார். பேர்? அட்ரஸ்? தொப்பி வாங்க வருகிறவனிடம் யார் கேட்பார்கள் அதெல்லாம்?

அப்புறம் ஒரு கைக்குட்டை. மூலையில் 'ஜி' என்று ஓர் எழுத்து. போதாதா? துப்பறியும் நாவலாக இருந்தால் அந்த எழுத்தை வைத்தே கடைசி அத்தியாயம் வரை ஓட்டியிருப்பார்கள். நிஜத்தில் அது ஒரு கைக்குட்டையாகவே இருந்துவிட்டது.

போர்வை? கட்டம் போட்ட ஃபிளானல் போர்வை. ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற சரக்கு.

ஆக, சாமான்கள் எல்லாம் பேசின. கடை வரைக்கும் கூட்டிக் கொண்டுபோய் விட்டன. கடையிலிருந்து வீடு வரைக்கும் கூட்டிப் போகத்தான் ஒன்றுக்கும் வழி தெரியவில்லை.

* * *

அடுத்து போஸ்டர். ஃபிலடெல்ஃபியா இன்க்வைரர் என்ற பத்திரிகை பையனின் படத்தோடு 4 லட்சம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது. ஊரெல்லாம் ஒட்டினார்கள். அதோடு விட்டார்களா? காஸ் பில்லோடு சேர்த்து வீடு வீடாக அனுப்பினார்கள்! கட்ட வேண்டிய தொகை இவ்வளவு, கூடவே 'இந்தப் பையனைத் தெரியுமா?' என்று ஒரு காகிதம். (ஐடியா கொடுத்த மகானுபாவரைப் பாராட்ட வேண்டும். எதைப் பிரிக்காவிட்டாலும் பில்லைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்!)

கண்ணை மூடின முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியாதோ என்று பையனுக்குச் சட்டை போட்டு, உட்கார்ந்திருக்கிற மாதிரி வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களில் பலருக்கு வீட்டில் அதே வயசில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

வில்லியம் கெல்லி என்று ஒரு போலீஸ் அதிகாரி. ரேகை நிபுணர். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் குழந்தை பிறந்ததும் பாதத்தில் மை தடவி ரேகை எடுத்து வைப்பது வழக்கம். அவர் பையனின் பாத ரேகையை எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். பொருந்தவில்லை. 1956-ல் ஹங்கேரியில் புரட்சி நடந்து அகதிகள் வந்திருந்தார்களே, அந்தக் குழந்தையோ என்று ஆயிரக்கணக்கான பாஸ்போர்ட் படங்களைப் புரட்டினார்கள். அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பையன் அகப்பட்டான். தேடிப் போனால் அவன் வேறொரு மாநிலத்தில் வீட்டு வாசலில் விளையாடிக் கொண்டிருந்தான். சந்தோஷமான தோல்வி!

1957 ஜூலையில், நாதியில்லாதவர்களைப் புதைக்கிற இடத்தில் பையனைப் புதைத்தார்கள். அந்த இடத்தில் யாருக்கும் கல் கிடையாது. துப்பறிந்த போலீஸ்காரர்களே காசு போட்டு இவனுக்கு மட்டும் ஒரு கல் நட்டார்கள். பேருக்குப் பதிலாக, இந்த முகம் தெரியாத பையனை ஆசீர்வதிக்கும்படி கடவுளுக்கு ஒரு விண்ணப்பம்.

* * *

இனிமேல் நம்மூர் வழக்கப்படி ஃபைலைக் கட்டி, சிவப்பு நாடாவைச் சுற்றி, பீரோ மேலே போட்டிருக்க வேண்டும். அப்படி நடக்காததற்கு முக்கியக் காரணம் ரெமிங்டன் பிரிஸ்டோ.

பிரிஸ்டோ போலீஸ்காரர் இல்லை. சந்தேக மரணங்களை விசாரிக்கிற மெடிக்கல் எக்ஸாமினர் ஆபீஸில் வேலை பார்த்தவர். நம்மைப் போல் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற ஆபீஸ் ஆசாமி. இந்த ஒரு கேஸ் மட்டும் சாயங்காலமும் அவரோடு வீட்டுக்கு வந்தது. சொந்தக் காசைச் செலவழித்து ஊர் ஊராகப் போனார். பையனின் முகத்தை அச்செடுத்துச் செய்த ஒரு மாதிரியைக் கையிலேயே வைத்திருந்தார். வருஷா வருஷம் சமாதிக்குப் போவார். ரிடையரும் ஆனார், அப்போதும் விடவில்லை. 1993-ல் இறக்கும் வரைக்கும் 36 வருஷம்.

எதுவும் நடக்காதபோது மனுஷன் என்ன செய்வான்? ஜோசியரிடம் போவான். அமெரிக்காவிலும் அதேதான். நியூஜெர்ஸியில் 'ஞான திருஷ்டி' உள்ள ஓர் அம்மாளிடம் போனார் பிரிஸ்டோ. அந்த அம்மாள் ஒரு வீட்டை வர்ணித்தார். தேடிப் போனால், பெட்டி கிடந்த இடத்திலிருந்து சுமார் இரண்டு மைலுக்குள் அப்படியே ஒரு வீடு! அநாதைக் குழந்தைகளை அரசாங்க ஏற்பாட்டில் வளர்க்கிற வீடு. பிற்பாடு அந்த வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது உள்ளே போய்ப் பார்த்தால், அதே மாதிரித் தொட்டில்!

உங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது அல்லவா? அவருக்கும் எறிந்தது. விடை அந்த வீட்டில்தான் என்று கடைசிவரை நம்பினார். 1998-ல் போலீஸ் மறுபடியும் அந்த வீட்டுக்காரர்களை விசாரித்து, சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டது. பையன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். நல்ல மனசும் 36 வருஷ உழைப்பும் ஓர் ஆளைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்த முடியும். அவரை நினைத்துச் சிரிப்பும் வரவில்லை, குறை சொல்லவும் மனசில்லை. அவர் அலையாமல் இருந்திருந்தால் அந்தப் பையனை ஊர் என்றைக்கோ மறந்திருக்கும்.

* * *

பிரிஸ்டோவுக்குப் பிறகு ஒரு கோஷ்டி வந்தது. விடாக் சொசைட்டி என்று பேர். 1990-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பித்தார்கள். ரிடையரான போலீஸ்காரர்கள், தடயவியல் நிபுணர்கள் எல்லாம் மாசம் ஒரு தடவை கூடி, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக் கொண்டே பழைய கொலைக் கேஸ்களைப் பேசுவார்கள். (ஸ்வீட் வரும் நேரத்தில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். நம்மால் ஆகாது சாமி!)

இவர்களும் உதவி செய்து, 1998-ல் சமாதியைத் திறந்து, பையனின் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். பிறகு ஐவி ஹில் என்ற நல்ல கல்லறைத் தோட்டத்தில் மரியாதையாக அடக்கம் செய்தார்கள். ஊரே திரண்டு வந்தது. புதுக் கல்லில் 'அமெரிக்காவின் பெயர் தெரியாத குழந்தை' என்று பொறித்தார்கள்.

ஆனால் அப்போது எடுத்தது அம்மா வழியாக மட்டும் வருகிற டி.என்.ஏ. அதை வைத்து, 'இவள்தான் அம்மாவோ' என்று யாரையாவது கொண்டுவந்து நிறுத்தினால், ஒத்துப் போகிறதா இல்லையா என்று சொல்லலாம். யாரை நிறுத்துவது என்று அது சொல்லாது. கையில் சாவி இருக்கிறது, எந்தத் தெருவில் எந்தப் பூட்டு என்று தெரியாது. கதை என்னவோ அப்படித்தான் இன்னும் இருபது வருஷம் நின்றது.

* * *

கடைசியில் கண்டுபிடித்த முறை இருக்கிறதே, அது நம்மூர் முறை. இதைப் படித்ததும் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெரியவர் வந்து உட்காருகிறார். என்ன நடக்கும்?

'தம்பிக்கு எந்த ஊரு?'

'திருக்காட்டுப்பள்ளிங்க.'

'அங்கே யாரு வீடு?'

'தாத்தா மிளகாய் மண்டி வெச்சிருந்தாரு.'

'மண்டிக்காரர் பேரனா நீ! அவரோட தங்கச்சியைக் கும்பகோணத்துல குடுத்திருந்ததே?'

'ஆமாங்க. அத்தைப் பாட்டி.'

விழுப்புரம் வருவதற்குள் 'அப்ப நீ எனக்கு மருமகன் முறையாகணும்' என்று சொல்லிப் புளியோதரையில் பாதியைக் கொடுத்து விடுவார்.

இதையே டி.என்.ஏ.வை வைத்துச் செய்தால் அதற்கு 'மரபணு வம்சாவளி' என்று பேர். பெரியப்பா பிள்ளையும் நாமும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ.வில் ஒத்திருப்போம். தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் பேரன்கள் நூற்றுக்கு மூன்று பங்கு. தூரம் போகப் போகப் பங்கு குறையும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் 'நம்ம பூர்வீகம் எது?' என்று தெரிந்து கொள்ளும் ஆசையில் எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பிச் சோதித்துக் கொள்கிறார்கள். அதில் பலர் விவரத்தைப் பொதுவில் சேர்த்தும் வைக்கிறார்கள். பேர் தெரியாத ஒருவரின் டி.என்.ஏ.வை அதோடு ஒப்பிட்டால், 'இவர் உனக்கு இரண்டு விட்ட சொந்தம்' என்று பட்டியல் வரும். அங்கிருந்து தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மேலே ஏறி, கிளை கிளையாகக் கீழே இறங்கி வந்தால் ஆள் அகப்படுவார். 2018-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய தொடர் கொலைகாரனை இப்படித்தான் பிடித்தார்கள்.

2019-ல் கோர்ட் உத்தரவு வாங்கி, பையனின் சமாதியை இரண்டாவது தடவை திறந்தார்கள். அறுபது வருஷம் மண்ணில் இருந்த எலும்பு. டி.என்.ஏ. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கிழித்துப் போட்ட லெட்ஜரை ஒட்டவைக்கிற மாதிரி வேலை. காலின் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற பெண்மணி, இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி வம்சாவளித் துப்பறிதலுக்கு வந்தவர், தலைமை தாங்கினார். ஒப்பிடுகிற பதத்துக்கு டி.என்.ஏ.வைக் கொண்டுவரவே இரண்டரை வருஷம் ஆயிற்று.

ஒப்பிட்டார்கள். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் அகப்பட்டது. அவர்களைப் பார்த்துப் பேசி, அம்மா யார் என்று கண்டுபிடித்தார்கள். மறுபடி கோர்ட் உத்தரவு வாங்கி, 1944-லிருந்து 1956 வரை அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கேட்டார்கள். ரெக்கார்ட் ரூமிலிருந்து வந்த காகிதங்களில் ஒரு பிறப்புச் சான்றிதழ். ஆண் குழந்தை. 1953 ஜனவரி 13. தகப்பன் பேரும் அதில் இருந்தது. தகப்பன் வழிச் சொந்தங்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். டேலி!

2022 டிசம்பர் 8-ஆம் தேதி, அப்போதைய ஃபிலடெல்ஃபியா போலீஸ் கமிஷனர் டேனியல் அவுட்லா (ஆமாம், அந்தப் பேரில் ஒரு கமிஷனர்! பெண்மணி) பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பையனின் பேரைச் சொன்னார்.

ஜோசஃப் அகஸ்டஸ் ஸரெல்லி.

பெட்டி கிடைத்த அன்றைக்கு ஜோசஃபுக்கு நாலு வயசு ஒரு மாசம். ஊர்? ஹங்கேரியும் இல்லை, வேறு மாநிலமும் இல்லை. அதே ஃபிலடெல்ஃபியாவின் மேற்குப் பகுதி, 61-வது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கிற இடத்துக்கு அக்கம்பக்கம். காஸ் பில்லோடு அவன் படம் போன தெருக்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

* * *

என் நண்பர் ஒருவர் பாங்க்கில் கேஷியர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, 'கொலைகாரன்?' என்றார்.

'தெரியலை சார். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏற்கெனவே காலமாயிட்டாங்க. கூடப் பிறந்தவங்க சிலர் உயிரோட இருக்காங்கன்னு அவங்க பேரையும் போலீஸ் சொல்லலை. யார் செஞ்சிருப்பாங்கன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா நிரூபிக்காம சொல்ல மாட்டோம், விசாரணை தொடரும்னுட்டாங்க.'

'அப்ப இவ்வளவு செலவு பண்ணிக் கிடைச்சது வெறும் பேருதானா? அதை வெச்சு அந்தப் புள்ளைக்கு என்னப்பா பிரயோஜனம்?'

கேஷியர் கேள்வி. கொடுத்ததுக்கு என்ன வந்தது? நியாயமான கேள்விதான். நான் இரண்டு நாள் யோசித்தேன்.

முதல் பதில் சட்டம் சம்பந்தப்பட்டது. செத்தவன் யார் என்றே தெரியாமல், அவன் கூட யார் இருந்தார்கள் என்று எப்படிக் கேட்பது? எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? 65 வருஷமும் விசாரணை ஆரம்பிக்க வேண்டிய இடத்துக்கே வந்து சேரவில்லை. பேர் கிடைத்த பிறகுதான் முதல் பக்கம். அதற்குள் சாட்சி சொல்லக் கூடியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். நாள் கடத்தினால் லாபம் அடைகிறவன் எப்போதும் குற்றவாளிதான்.

இரண்டாவது பதில் அந்தக் கூடப் பிறந்தவர்கள். தங்களுக்கு இப்படி ஒரு சகோதரன் இருந்தான் என்பதையும், ஊரே பேசின அந்தப் பெட்டிப் பையன்தான் அவன் என்பதையும் வயசான காலத்தில் தெரிந்து கொள்வது எப்படிப்பட்ட செய்தி! லட்டுக் கொடுத்துக் கொண்டாடுகிற சமாசாரம் இல்லை. ஆனாலும் உண்மை. அவர்களுக்குச் சேர வேண்டியது.

மூன்றாவதுதான் என்னை ரொம்பக் குடைகிறது. பேரைத் தெரிந்து கொண்டிருந்தவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். பேர் வைத்தவர்கள் இருந்தார்கள். 'ஜோசஃப், சாப்பிட வா' என்று கூப்பிட்டவர்கள் இருந்திருப்பார்கள். நகம் வெட்டினவர் இருந்தார். 4 லட்சம் நோட்டீஸும் 270 பேரும் ஞான திருஷ்டியும் சேர்ந்து உடைக்க முடியாதது அவர்களுடைய மௌனம் ஒன்றைத்தான். கடைசியில் பேரைக் கொடுத்தது யார்? அவன் பிறந்ததே தெரியாத, பூர்வீகம் தெரிந்து கொள்ள ஆசைப்பட்ட தூரத்துச் சொந்தக்காரர்கள். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. தெரியாதவர்கள் சொன்னார்கள்.

இதைக் கேஷியரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'பக்கத்து வீட்டுக்காரங்க கூடவா கேக்கலை, அந்தப் புள்ளை எங்கேன்னு?' என்றார்.

யாராவது கேட்டார்களா, கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது டி.என்.ஏ.வில் வராது.

2023 ஜனவரி 13. ஜோசஃப் இருந்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு 70 வயசு நிறைந்திருக்கும். பேரன் பேத்தி எடுத்திருப்பான். பென்ஷன் வரவில்லை என்று யாரையாவது திட்டிக் கொண்டிருப்பான். அன்றைக்கு ஐவி ஹில்லில் கூட்டம் கூடி, பேர் பொறித்த புதுக் கல்லைத் திறந்து வைத்தார்கள்.

நாலு வயசுப் பையனைப் பார்த்தால் நாம் எல்லோரும் முதலில் என்ன கேட்போம்? 'உன் பேர் என்ன?' என்போம். அவனும் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு, இரண்டு தடவை கேட்ட பிறகு, இனிஷியலோடு சொல்வான். அந்த வயசில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

65 வருஷம் ஒரு நகரத்துப் போலீஸும் பத்திரிகையும் விஞ்ஞானமும் தலைகீழாக நின்று கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவன் உயிரோடு இருந்தபோது, அந்தத் தெருவில் போன யாராவது குனிந்து கேட்டிருந்தால், அவனே சொல்லியிருப்பான்.